இரண்டாவது கட்டி என்றால் பரவிவிட்டது என்றுதான் அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு கருமக்கிரியைக்குப் போயிருந்தேன். இறந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், வயது 46தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவர் மனைவியின் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். "கிட்னியில ஒரு கட்டி, கணையத்துல ஒரு கட்டிக்கா. ரெண்டு இடத்துல இருக்குன்னு சொன்னதும் சரி, பரவிருச்சுன்னு நாங்களே வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம்" என்றார். இரண்டாவது கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்களா என்று கேட்டேன். "எதுக்குக்கா, அதான் பரவிருச்சே" என்றார்.

அது பரவியதாகவே இருந்திருக்கலாம். சிறுநீரகப் புற்றுநோய் கணையத்துக்குப் போவது உண்டு, சிறுநீரகத்தை எடுத்துப் பத்து வருடம் ஆன பிறகுகூட அங்கே போய் முளைப்பது உண்டு. துக்க வீட்டில் எதையும் கிளறக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே ஒரு வார்த்தையை நம்பி எங்கள் அண்ணனையும் நாங்கள் வீட்டுக்குக் கூட்டிவர இருந்தோம். அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

அண்ணன் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்திலிருந்து கூலிம், ஈப்போ, சில நாள் கிள்ளான் வரைக்கும் போவார். இரத்தக் கொதிப்பு உண்டு, மாத்திரை உண்டு, சிகரெட்டும் உண்டு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லோரியில் ஏறுவதற்கு இரண்டு படிதான், அதில் ஏறிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தால்தான் சாவியைப் போட முடிகிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னது உண்மைதான், இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும், அது தார் மாதிரி பிசுபிசுவென்று, தனி நாற்றத்தோடு இருக்கும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு மாதமாகக் கறுப்பாகப் போனது என்று அண்ணன் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார், வெட்கம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 40 வயதுக்கு மேற்பட்ட பி40, அதாவது குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறார்கள். அண்ணனுக்கும் தகுதி இருந்தது, ஒரு தடவைகூடப் போகவில்லை. போயிருந்தால் இரத்தச் சோகையாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்றதும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. கிட்னி என்றாலே நம்மவர்களுக்கு இனிப்பு நீரும் டயாலிசிஸும்தான் ஞாபகம் வரும், அங்கே புற்றுநோய் வரும் என்பதே பல பேருக்குத் தெரியாது. உலகம் முழுக்க வருடத்துக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் இது வருகிறது. சிறுநீரில் இரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி, இந்த மூன்றும்தான் அடையாளம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும், ஆனால் மூன்றும் சேர்ந்து வருகிறவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிவதுதான் அதிகம். அண்ணனுக்கு வலியும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரத்தமும் போகவில்லை.

மறுநாள் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் கட்டி, இரைப்பை ஓரமாக நான்கு சென்டிமீட்டரில் இன்னொரு கட்டி. அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே, மருந்து வண்டி போய்வருகிற நடையில் நிற்க வைத்து ஒரு இளம் டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து அண்ணியிடம் சொன்னார். அண்ணிக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, 'மெரெபாக்'. பரவிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், கையில் அண்ணனுக்கு வாங்கின மைலோ, அதை அப்படியே சாய்த்துப் பிடித்திருந்ததால் பாதி தரையில் ஒழுகியிருந்தது. நான் அந்த டாக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு இடத்தில் புற்றுநோய் இருந்து இன்னொரு இடத்திலும் கட்டி தெரிந்தால் பரவல் என்று முதலில் சந்தேகப்படுவது நியாயம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சந்தேகம் என்பது அந்த நடையிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தீர்ப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு 19 நாள். இன்றைக்கும் எனக்கு அந்த எண் மறக்காது. வீடு நிறைய சொந்தம். நான்காவது கட்டம் என்று யார் சொன்னதோ, எல்லோரும் அதையே சொன்னார்கள். கத்தி பட்டால் இன்னும் பரவும் என்றார் ஒருவர். தமிழ்நாட்டில் மூலிகை கொடுக்கிற இடம் இருக்கிறது, டிக்கெட் போடவா என்று இன்னொருவர். அண்ணன் மகளுக்கு வருடக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதை முன்னால் கொண்டுவந்துவிடலாம், அப்பா கண்ணால் பார்க்கட்டும் என்று பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் என்ன வியாதி என்று சொல்ல வேண்டாம், அல்சர் என்று சொல்லுங்கள் என்றும் ஒரு யோசனை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு நாள் காலையில் லோரி சாவியை முதலாளியிடம் கொடுத்துவரச் சொல்லி என்னிடம் நீட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் காகிதம் படிக்கத் தெரியும். அன்று ராத்திரி அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, பள்ளிப் பிள்ளைகளின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அதில் 'பரவிவிட்டது' என்று எங்கேயும் எழுதவில்லை. 'பரவலாக இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம், திசுப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவும்' என்கிற அர்த்தத்தில்தான் எழுதியிருந்தது! கடைசிப் பாரா, சின்ன எழுத்து. அதை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்றதும் வீட்டில் எதிர்ப்பு. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாராம். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் ஸ்கேன் படத்தை சி.டி. வட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், யாரும் முகம் சுளிக்கக்கூட இல்லை. அரசாங்க கிளினிக்கில் ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் வாங்கி, சி.டி.யை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அண்ணனோடு பெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போனேன். சிறப்பு மருத்துவரைப் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரியில் 5 வெள்ளிதான். காத்திருப்பதுதான் கஷ்டம், காலையில் போனவர்களை மத்தியானம் கூப்பிட்டார்கள்.

அங்கே இருந்த மலாய்க்கார அம்மா, வயதான டாக்டர், திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்துப் பேனா மூடியால் தொட்டுக் காட்டினார். அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை, அந்தப் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரகக் கட்டி ஏற்றிய மருந்தை இழுத்துக்கொண்டு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. சிறுநீரகப் புற்றில் பெரும்பாலானது இப்படி இரத்த ஓட்டம் அதிகமுள்ள 'கிளியர் செல்' வகைதானாம், நூற்றுக்கு எழுபதுக்கு மேல். அது வேறு இடத்துக்குப் போய் முளைத்தால் அங்கேயும் இப்படித்தான் பளிச்சென்று இருக்க வேண்டும். இரைப்பைக் கட்டியோ மங்கலாக, சாம்பல் நிறத்தில், இரைப்பைச் சுவருக்குள்ளேயே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே, இது அந்தத் தாயின் பிள்ளை மாதிரி இல்லை. சிறுநீரகப் புற்று முக்கியமாக நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளைக்குத்தான் போகும், இரைப்பைக்குப் போவது மிகவும் அபூர்வம் என்றும் சொன்னார். "இது வேறாக இருக்கலாம். பார்க்காமல் நான் பெயர் வைக்கமாட்டேன்" என்றார் மலாயில். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும் என்று இருந்தது.

ஊசி போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வயிற்றின் மேல் பக்கமாகக் குத்தாமல், வாய் வழியாகக் குழாய் விட்டு, குழாயின் நுனியிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து, இரைப்பையின் உள்பக்கத்திலிருந்து ஊசியைச் செலுத்தி எடுத்தார்கள். அந்த மாதிரிக் கட்டி உடைந்தால் உள்ளே சிதறிவிடும், அதனால்தான் இந்த வழி என்று விளக்கினார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இரைப்பையின் உள்தோல் எல்லா இடத்திலும் நன்றாக இருந்தது, கட்டி அடியிலிருந்து தள்ளிக்கொண்டு மேடாக நின்றது, அந்த மேட்டின் உச்சியில் மட்டும் ஒரு சின்னப் புண். அங்கிருந்துதான் மாதக்கணக்காக இரத்தம் கசிந்திருக்கிறது. அண்ணனுடைய மூச்சு வாங்கலுக்கும் கறுப்பு மலத்துக்கும் காரணம் சிறுநீரகக் கட்டி இல்லை, இதுதான்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. ஜிஸ்ட். இரைப்பைக் குடல் சுவரில் வருகிற ஒரு அபூர்வமான கட்டி, பத்து லட்சம் பேரில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் வரும். இரைப்பையும் குடலும் சுருங்கி விரிவதற்குத் தாளம் போடுகிற செல்கள் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன, 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹாலின் பெயரால்தான் அவற்றை அழைக்கிறார்கள். அந்த வகைச் செல்களிலிருந்து கிளம்புகிற கட்டி இது. முன்பெல்லாம் இதைத் தசைக் கட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'கிட்' என்கிற மரபணுவில் ஏற்படும் கோளாறுதான் இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1998இல் காட்டிய பிறகுதான் இதன் தலையெழுத்து மாறியது. இரண்டே வருடத்தில், 2000இல், பின்லாந்தில் ஒரு பெண் நோயாளிக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், கட்டி சுருங்கியது. அதுவரை வேறு மருந்து எதுவுமே இதற்குச் சரியாக வேலை செய்ததில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய் என்றால் இரண்டுக்கும் கணக்கும் வேறு. ஐந்தரை சென்டிமீட்டர் சிறுநீரகக் கட்டி, வேறு எங்கேயும் போகாமல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் அது முதல் கட்டம். அதே கட்டியோடு இரைப்பையில் இருப்பதும் அதன் பிள்ளைதான் என்று எழுதிவிட்டால் நான்காவது கட்டம். ஆளும் அதே ஆள், ஸ்கேனும் அதே ஸ்கேன், கட்டியின் அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இரண்டாவது கட்டிக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதை வைத்து மட்டுமே முதல் கட்டம் நான்காவதாகிறது.

நான்காவது கட்டம் என்றே முடிவாகியிருந்தால் கத்தி வைக்காமல் மாத்திரையோடு விட்டிருப்பார்கள். அந்த மாத்திரைகளில் ஒன்று சுனிட்டினிப். அமெரிக்காவில் 2006 ஜனவரியில் அதற்கு அனுமதி கொடுத்தபோது ஒரே நாளில் இரண்டு நோய்க்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒன்று முற்றிய சிறுநீரகப் புற்று, இன்னொன்று இமாட்டினிப்புக்குக் கட்டுப்படாத ஜிஸ்ட். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணன் அந்த மாத்திரையைச் சாப்பிட்டு இரண்டு கட்டியும் சேர்ந்து சுருங்கியிருந்தால், பார்த்தீர்களா, ஒரே நோய்தான் என்று எல்லோரும் நம்பியிருப்போம். வெட்டி எடுத்தால் தீரக்கூடிய இரண்டு கட்டிகளை உள்ளே வைத்துக்கொண்டு, மாத்திரையின் பக்க விளைவுகளையும் அனுபவித்துக்கொண்டு, நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்போம்.

ஆபரேஷனை ஒரே நாளில் செய்தார்கள். இடது சிறுநீரகமும் இரைப்பையும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே, ஒரு குழுவினர் சிறுநீரகத்தை எடுக்க, இன்னொரு குழுவினர் இரைப்பையில் கட்டி இருந்த பகுதியை மட்டும் கொஞ்சம் சுற்று விட்டு வெட்டித் தைத்தார்கள். சிறுநீரகக் கட்டி கிளியர் செல் வகைதான், வெளியே போகவில்லை. ஜிஸ்ட் கட்டியில் செல்கள் பிரிகிற வேகத்தை எண்ணிப் பார்த்தார்கள், குறைவு. இரைப்பையில் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்து, வேகமும் குறைவாக இருந்தால் திரும்பி வருவதற்கான வாய்ப்பு குறைவு என்பதால் மாத்திரைகூட வேண்டாம் என்றார்கள். குறித்த தேதியில் ஸ்கேன் மட்டும். ஒரே சிறுநீரகம் என்பதால் இரத்தக் கொதிப்பை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண்ட வலி மாத்திரையும் வாங்கிப் போடக் கூடாது. சிகரெட்டை அண்ணன் ஆஸ்பத்திரியிலேயே விட்டார்.

பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதைத்தான் மூடி மறைக்கிறோம். அந்த டாக்டரம்மா முதல் நாளே குடும்பத்தில் யாருக்கெல்லாம் என்ன கட்டி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். எஸ்.டி.எச். என்கிற மரபணுக்களில் பிறவியிலேயே குறை இருந்தால் ஜிஸ்ட், சிறுநீரகப் புற்று, பாராகாங்லியோமா என்ற நரம்பு முடிச்சுக் கட்டி எல்லாம் ஒரே குடும்பத்தில் வரலாமாம். வெட்டி எடுத்த கட்டியிலேயே சாயம் போட்டுப் பார்த்தார்கள், அண்ணனுக்கு அந்தக் குறைக்கான அடையாளம் இல்லை. அந்த ஒரு வரி வந்த அன்றுதான் அண்ணி இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாப்பிள்ளை வீட்டிலும் அல்சர் கதை எதுவும் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடியே சொன்னோம். அவர்கள் கேட்டது ஒன்றுதான், ஆபரேஷன் அன்று இரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமா என்று.

இன்னொரு எச்சரிக்கை. 'சதை எடுத்துப் பாருங்கள்' என்று நான் சொல்வதைக் கேட்டு எல்லாக் கட்டியிலும் ஊசி போடச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. சிறுநீரகப் புற்று அங்கேயும் போகும். ஆனால் அங்கே தானாகவே வருகிற ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஒரு அபூர்வக் கட்டியும் உண்டு, அது அட்ரினலின் வகைச் சுரப்பைக் கொட்டுகிற கட்டி. திடீர் திடீரென்று தலைவலி, உடம்பு நனைகிற வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, இரத்தக் கொதிப்பு எகிறுவது, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடுவது, இதெல்லாம் அதன் அடையாளம். அதில் தெரியாமல் ஊசி குத்தினாலோ, முன்னேற்பாடு இல்லாமல் கத்தி வைத்தாலோ இரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் அங்கே கட்டி இருந்தால் முதலில் இரத்தத்திலோ, 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரிலோ அந்தச் சுரப்பின் அளவைப் பார்ப்பார்கள். அது அந்தக் கட்டிதான் என்றால் ஆல்பா பிளாக்கர் மாத்திரையை ஒன்றிரண்டு வாரம் கொடுத்து அழுத்தத்தை அடக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். டாக்டரிடம் நாம் கேட்க வேண்டியது "இது என்னவென்று எப்படி உறுதி செய்யப்போகிறீர்கள்" என்பதுதான், எந்த வழியில் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

சிறுநீரகப் புற்றும் இந்த அட்ரீனல் கட்டியும் ஒரே ஆளுக்கு வந்தால், அதுவும் சின்ன வயதில் வந்தால், வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 36,000 பிறப்பில் ஒருவருக்கு இருக்கும், அதற்கான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறை உள்ளவர்களுக்குக் கண்ணின் விழித்திரையில், சிறுமூளையில், முதுகுத் தண்டில், சிறுநீரகத்தில், கணையத்தில் என்று பல இடங்களில் தனித்தனியாகக் கட்டி வரும், எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பரவினது இல்லை. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் சின்ன வயதிலிருந்தே கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் ஸ்கேனையும் வருடாவருடம் பார்த்துவரலாம். சிறுநீரகத்தில் கட்டி வந்தாலும் மூன்று சென்டிமீட்டர் வரை கண்காணித்து, அதன் பிறகு கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். 2021இல் இதற்கென்றே பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம், கணையம், 46 வயது. இப்போது புரிகிறதா நான் ஏன் அன்று ராத்திரி தூங்கவில்லை என்று?

எல்லோருக்கும் எங்கள் அண்ணனுக்கு நடந்தது மாதிரியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு அம்மாவுக்கு என் பேச்சைக் கேட்டுத்தான் இரண்டாவது கட்டியைப் பரிசோதித்தார்கள், அது சிறுநீரகத்திலிருந்து பரவியதுதான் என்று வந்தது. அந்த அம்மாவின் மகன் என்மேல் வருத்தப்படுவார் என்று பயந்தேன். அவர் சொன்னார், "தெரிஞ்சிருச்சுல்ல ஆன்ட்டி, இனி எதுக்கு மருந்து சாப்பிடுறோம்னு அம்மாவுக்குத் தெரியும்." பரவிய சிறுநீரகப் புற்றுக்கும் இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி இருக்கிறது, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இருந்த நிலைமை இல்லை. அந்த அம்மா இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசிக்குப் போய்வருகிறார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இடம் கொடுப்பது மாதிரி இதற்கும் ஒரு வாரம் கொடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, கடைசிப் பாராவில் என்ன எழுதுவார்கள், திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலை எப்படிக் கேட்டு வாங்குவது, இதையெல்லாம் தமிழில் ஒரு டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள், டாக்டராக இருந்தாலும் மிஸ்ஸியாக (தாதியாக) இருந்தாலும், வார்டில் ஒரு தமிழ்க் குடும்பம் திகைத்து நிற்பதைப் பார்த்தால் ஐந்து நிமிடம் நின்று நம் மொழியில் சொல்லிவிட்டுப் போங்கள். 'இருக்கலாம்' என்று டாக்டர் சொன்னதை 'இருக்கிறது' என்று எங்கள் காது கேட்டுவிடுகிறது, அதை உங்களால்தான் திருத்த முடியும். குடும்பத்தில் படித்தவர் ஒருவர், பயப்படாதவர் ஒருவர், அவர் டாக்டர் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும்.

அண்ணன் இப்போது லோரி ஓட்டவில்லை, முதலாளி யார்டில் கணக்குப் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார். மகள் கல்யாணம் முதலில் குறித்த தேதியிலேயே நடந்தது. அடுத்த ஸ்கேன் வரும் மாதம்.

அதற்கு முன்னால், இந்த வாரக் கடைசியில், அந்தத் துக்க வீட்டுக்கு மறுபடியும் போகிறேன். இறந்தவருக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு 17, சின்னவளுக்கு 12. அப்பாவின் ஸ்கேன் சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் பழைய சாமானோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனைக்கு யார் கூட்டிப் போவது என்று கேட்டால், நான் வருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு
(பெயரை வெளியிட வேண்டாம்)